நிற்கத் தெரியுமா? நடிப்பு வகுப்பின் பழைய கதை

"நடிப்பெல்லாம் ரத்தத்துலயே இருக்கணும் சார். சொல்லிக் குடுத்தா வருமா?"

நாலு தமிழர் கூடினால் சினிமாப் பேச்சு வராமல் போகாது. சினிமாப் பேச்சு வந்தால் இந்த வசனமும் வராமல் போகாது. கூடவே, "சிவாஜிக்கு யார் சார் சொல்லிக் குடுத்தா?" என்று ஒரு உபகேள்வி. கேட்டவர் பதிலை எதிர்பார்ப்பதில்லை. அடுத்த காப்பிக்குப் போய்விடுவார்.

ஆனால் அந்தக் கேள்விக்கு நிஜமாகவே பதில் இருக்கிறது. சொல்லிக் கொடுத்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, கம்பெனி இருக்கிறது. நம்மில் பலர் அதை மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

எனக்கு இந்த விஷயத்தில் திடீர் அக்கறை வந்ததற்குக் காரணம் வீட்டிலேயே இருக்கிறது. மகள் இங்கே தில்லியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் முதலாண்டு. கூட ஒரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர் சம்பந்தமாக ஏதோ எடுக்க, இவள் 'நாடகம்: ஓர் அறிமுகம்' என்ற பாடத்துக்கு டிக் போட்டுவிட்டு வந்தாள். தங்கமணிக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை. "நடிக்கப் போறாளாமா?" என்று திருநெல்வேலியிலிருந்து என் அம்மாவின் போன் வேறு.

முதல் மூன்று வாரமும் வகுப்பில் வசனமே கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்கச் சொன்னார்களாம். இரண்டு காலிலும் சமமாக எடை, தோள் தளர்ந்து, கை சும்மா தொங்கி. செய்து பாருங்கள், ஒரு நிமிஷம் கூட முடியாது. கை தானாகவே பாக்கெட்டையோ துப்பட்டாவையோ தேடிப் போகும். அடுத்தது மூச்சு. நெஞ்சை நிமிர்த்தாமல் வயிற்றிலிருந்து இழுத்து, ஒரே சீராக விடுவது. அதற்கப்புறம் எதிரெதிரே இரண்டு பேர் நின்று ஒருவர் செய்வதை மற்றவர் கண்ணாடி மாதிரி செய்வது. பிறகு மேடையின் திசைகள். வலது, இடது என்றால் நடிகரின் வலது, இடது, பார்ப்பவருடையது இல்லை. பின்னால் போவது 'அப்ஸ்டேஜ்', முன்னால் வருவது 'டவுன்ஸ்டேஜ்'. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் மேடையின் பின்பக்கத்தை மேடாகச் சரித்துக் கட்டினார்கள். அந்தச் சரிவு போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

"நிக்கவும் மூச்சு விடவுமா ஃபீஸ் கட்டினோம்?" என்றாள் தங்கமணி. நியாயமான கேள்வி. இப்படி நிற்பதில் ஆரம்பிக்க வேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது என்று தேடிப் போனேன். போன இடமெல்லாம் சுவாரசியம்.

மாதவியின் ஏழு வருடம்

நம் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை என்று ஒரு பகுதி. கதையின் ஓட்டத்துக்கு அது இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஆனால் இளங்கோ நிறுத்தி நிதானமாக ஒரு பயிற்சிக்கூடத்தையே அதில் எழுதி வைத்திருக்கிறார். மாதவி ஐந்து வயதில் ஆரம்பித்து, ஏழு வருடம் பயின்று, பன்னிரண்டு வயதில் மேடையேறுகிறாள். ஆடல் சொல்லித் தருபவர், பாட்டுக்கு ஒருவர், மத்தளத்துக்கு ஒருவர், குழலுக்கு ஒருவர், யாழுக்கு ஒருவர் என்று ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது. இன்றைக்குச் சொன்னால் ஆசிரியர் தகுதி விதிகள்.

மேடைக்கும் அளவு உண்டு. இருபத்து நாலு விரல் அளவு ஒரு கோல். எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல். மூன்று விதமான திரைகள். தூணின் நிழல் ஆடுபவர் மேல் விழாதபடி விளக்கு வைக்க வேண்டுமாம்! இன்று லைட்டிங் வகுப்பில் முதல் நாள் சொல்வதும் ஏறக்குறைய இதேதான்.

உணர்ச்சிகளுக்கும் கணக்கு வைத்திருந்தோம். தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்று சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்க நாலு காரணம் என்று முப்பத்திரண்டாக விரிக்கிறது. வடக்கே பரதரின் நாட்டிய சாஸ்திரம் நடிப்பை நாலாகப் பிரிக்கிறது: உடம்பால் செய்வது, பேச்சால் செய்வது, வேஷத்தாலும் அணியாலும் வருவது, உள்ளிருந்து கண்ணீராகவும் புல்லரிப்பாகவும் எழுவது. ஆக, நடிப்பு சொல்லித் தரக்கூடிய விஷயம் என்பதில் பழைய ஆட்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. 'ரத்தத்தில் இருக்கணும்' என்பது நாம் பிற்பாடு கண்டுபிடித்த சால்ஜாப்பு.

பாய்ஸ் கம்பெனி

இப்போது சிவாஜி கேள்விக்கு வருவோம். அதற்கு முன் சங்கரதாஸ் சுவாமிகளைச் சொல்ல வேண்டும். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நடிகராக இருந்து, நாடக ஆசிரியராகி, நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். 1918-ல் மதுரையில் சிறுவர்களை மட்டுமே வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தார். அந்த வருடமே அதில் சேர்ந்த ஒரு பையனுக்கு வயது ஆறு. பிற்காலத்தில் அவர்தான் அவ்வை சண்முகம், டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவர். 'எனது நாடக வாழ்க்கை' என்று அவர் எழுதிய புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள்.

கம்பெனி வீடு என்று ஒன்று இருக்கும். பையன்களுக்கு அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. சொல்லிக் கொடுப்பவர் 'வாத்தியார்'. வாத்தியார் பாடுவார், பையன் திருப்பிப் பாட வேண்டும். அவர் ஒரு வரி சொல்வார், அதே ஏற்ற இறக்கத்தோடு திரும்பி வர வேண்டும். தப்பினால் பிரம்பு. ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவன் அந்த வேஷத்துக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பதால், அடுத்தவன் வசனத்தையும் காதில் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டாக வேண்டும். அந்த மூச்சும் அந்தத் தொண்டையும் அப்படி வந்தவைதான்.

எம்.ஜி.ஆர். சிறு பையனாகப் போய்ச் சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. சிவாஜி கணேசன் சிறு வயதிலேயே வீட்டை விட்டுப் போய்ச் சேர்ந்தது யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி. முதலில் போட்ட வேஷம் சீதை. 1952-ல் பராசக்தி வந்தபோது நீதிமன்றக் காட்சியைப் பார்த்து ஊரே அசந்தது. அந்த நீளமான வசனத்தை எங்கே மூச்சு வாங்கி எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்குப் பின்னால் பதினைந்து வருடத்துக்கும் மேலான நாடகப் பயிற்சி இருக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தது என்றால், வாத்தியார்கள் சொல்லிக் கொடுத்தார்கள். போதுமா?

ஆனால் அந்தப் பாடத்துக்கு ஃபீஸ் என்ன தெரியுமா? பிள்ளைப் பருவம் முழுவதும். பள்ளிக்கூடம் கிடையாது. அம்மாவைப் பார்ப்பது எப்போதாவது. சம்பளம் சொற்பம். பதிமூன்று, பதினாலு வயதில் குரல் உடையும். அதை 'மகரக்கட்டு' என்பார்கள். நேற்று வரை ராஜபார்ட்டாகவோ ஸ்திரீபார்ட்டாகவோ கைதட்டல் வாங்கிய பையன் இன்றைக்குப் பின்வரிசையில் சேவகன். சிலருக்கு வேறு வேஷம் கிடைத்தது. பலருக்குக் கிடைக்கவில்லை. நாம் பெயர் சொல்லும் பத்துப் பேருக்குப் பின்னால், பெயர் தெரியாமல் போன பையன்கள் எத்தனையோ. 'பழைய பயிற்சி மாதிரி வருமா' என்று பெருமூச்சு விடும்போது அவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது. பெயரே பாய்ஸ் கம்பெனி. அங்கே என் மகளுக்கு இடம் இருந்திருக்காது என்பதையும்.

வக்கீல்கள் வேஷம் கட்டியபோது

அதே காலத்தில் சென்னையில் இன்னொரு பாதை திறந்தது. 1891-ல் பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் குழு வந்து நாடகம் போட்டது. நடித்தவர்கள் படித்தவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள். அதைப் பார்த்த பம்மல் சம்பந்தம் என்ற மாணவருக்கு வயது பதினெட்டு. அதே வருடம் ஜூலை முதல் தேதி நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பிற்பாடு வக்கீலாகி, நீதிபதியாகி, எண்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதியவர். மனோகரா அவருடையதுதான்.

சபையில் இருந்தவர்களுக்கு நாடகம் பிழைப்பு கிடையாது. ஆபீஸ் முடிந்து வந்து ஒத்திகை பார்ப்பார்கள். 'கூத்தாடி' என்று ஏளனமாகப் பேசிய ஊரில், வக்கீல் ஒருவர் பெண் வேஷம் கட்டுவது சாதாரண விஷயமா? ரங்கவடிவேலு என்ற வக்கீல் அப்படித்தான் சம்பந்தத்துக்கு ஜோடியாகப் பெண் வேடங்களில் பேர் வாங்கினார். சம்பந்தம் தன் அனுபவத்தை நாடக மேடை நினைவுகளாக எழுதினார். நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி என்று தனியாக ஒரு புத்தகமே எழுதினார். யார் வேண்டுமானாலும் படித்துக் கற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அப்படி ஒரு புத்தகம் எழுதத் தோன்றுமா?

என் மகளின் வகுப்புக்கு ஒரு தாத்தா பாய்ஸ் கம்பெனி என்றால், இன்னொரு தாத்தா இந்தச் சபை. பொருளாதாரம் படித்துக்கொண்டே நடிக்கலாம் என்பது இவர்கள் போட்ட ரோடு.

மாஸ்கோவிலிருந்து ஒரு நாற்காலி

நாலாவது வாரம் மகள் வந்து சொன்னது: "இன்னிக்கு மேடைல ஒரு நாற்காலி போட்டு, போய் உக்காருன்னு சொன்னாங்க அப்பா. அவ்ளோதான். எல்லாரும் பாக்கறாங்க. எனக்குக் கை கால் எல்லாம் எங்க வெக்கறதுன்னே தெரியல."

இந்த நாற்காலி ரஷ்யாவிலிருந்து வந்தது. கான்ஸ்டன்டின் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, 1863-ல் பிறந்தவர். 1898-ல் நெமிரோவிச் தான்சென்கோவுடன் சேர்ந்து மாஸ்கோ கலை அரங்கை ஆரம்பித்தார். பெரிய நடிகர். ஆனாலும் ஒரு கட்டத்தில் அவருக்கே ஒரு பயம் வந்தது. தினமும் ஒரே வேஷம் போட்டுப் போட்டு, உடம்பு தானாகச் செய்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. வாத்தியாரைப் பார்த்து அப்படியே செய்வதில் இருக்கிற ஆபத்தும் இதுதானே. அந்தப் பயத்திலிருந்து பிறந்ததுதான் அவருடைய பயிற்சி முறை. 1912-ல் இளைஞர்களை வைத்து முதல் ஸ்டூடியோவை ஆரம்பித்துச் சோதித்துப் பார்த்தார்.

அவருடைய புத்தகம் ஆங்கிலத்தில் 1936-ல் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அது பாடப்புத்தகம் மாதிரியே இருக்காது. நடிப்புப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவனின் டைரியாக எழுதியிருக்கிறார். பையன் வீட்டில் கண்ணாடி முன் நின்று, முகத்தில் சாக்லேட்டைப் பூசிக்கொண்டு ஒத்தெல்லோவாக உறுமிப் பார்க்கிறான். நாம் எல்லாரும் குளியலறையில் செய்ததுதான். பிறகு வகுப்பில் ஒரு பெண்ணை மேடைக்கு அழைத்து, திரைச்சீலையில் குத்தியிருக்கிற ஒரு ஊசியைத் தேடச் சொல்கிறார் ஆசிரியர். அவள் தலையில் அடித்துக்கொண்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அங்கும் இங்கும் ஓடுகிறாள். ரொம்ப நன்றாகச் செய்ததாக அவளுக்கு நினைப்பு. 'ஊசி எங்கே?' என்கிறார் ஆசிரியர். தேடவே மறந்துவிட்டாள். மறுபடி நிஜமாகவே தேடச் சொன்னதும் அமைதியாக ஒவ்வொரு மடிப்பாகப் பார்க்கிறாள். இப்போதுதான் பார்ப்பவர்களுக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை.

நடிப்பு வகுப்பின் முதல் பாடம் இந்த ஒரு ஊசியில் இருக்கிறது. உணர்ச்சியைக் காட்டாதே, வேலையைச் செய். 'நான் இந்த ஆளாக, இந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வேன்' என்று கேட்டுக்கொள்.

இன்னொரு சங்கதி. மூச்சுக்கும் உடல் தளர்வுக்கும் அவர் யோகா பற்றிய புத்தகங்களைப் படித்து, 'பிராணா' என்ற சொல்லையே தன் ஸ்டூடியோவில் பயன்படுத்தியிருக்கிறார். நம் ஊர் மூச்சு மாஸ்கோ போய், இங்கிலீஷ் வழியாகத் தில்லி திரும்பி, என் மகள் வகுப்புக்கு வந்திருக்கிறது. தங்கமணியிடம் இதைச் சொன்னேன். "அதுக்கு நான் பிராணாயாமம் சொல்லிக் குடுத்திருப்பேனே" என்றாள்.

பகவான்தாஸ் ரோடு

தில்லியில் இருப்பவர்கள் மண்டி ஹவுஸ் மெட்ரோவில் இறங்கியிருப்பீர்கள். பக்கத்தில் பகவான்தாஸ் ரோட்டில் பகவல்பூர் ஹவுஸ். அதுதான் தேசிய நாடகப் பள்ளி. 1959-ல் சங்கீத நாடக அகாதமியின் கீழ் தொடங்கியது, 1975-ல் தனி அமைப்பானது.

அதற்கு உருவம் கொடுத்தவர் இப்ராஹிம் அல்காசி. புனேயில் 1925-ல் பிறந்து, லண்டனில் படித்துவிட்டு வந்தவர். 1962-லிருந்து 1977 வரை இயக்குநர். நடிப்பு மட்டும் தெரிந்தால் போதாது, மேடை கட்டவும் விளக்கு போடவும் உடை தைக்கவும் தெரிய வேண்டும் என்பது அவர் கட்டளை. அரங்கைப் பெருக்குவதும் பாடம்தான். 1963-ல் தரம்வீர் பாரதியின் அந்தா யுக் நாடகத்தை ஃபிரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளுக்கு நடுவே போட்டார். போரில் அழிந்த அஸ்தினாபுரத்துக்கு செட் போட வேண்டிய அவசியமே இல்லை! நசீருதீன் ஷா, ஓம் பூரி எல்லாம் அவரிடம் படித்தவர்கள்தான். 2020-ல் காலமானார்.

அல்காசிக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவர் பி.வி. காரந்த். அவர் எங்கிருந்து வந்தார் தெரியுமா? கர்நாடகத்தில், சின்னப் பையனாக வீட்டை விட்டு ஓடிப் போய் குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். அந்த வீரண்ணாவே அவரைக் காசிக்கு அனுப்பி எம்.ஏ. படிக்க வைத்தார். பிறகு தேசிய நாடகப் பள்ளியில் மாணவர், 1977-ல் அதற்கே இயக்குநர். கம்பெனி வீட்டுப் பையன் ஒருவர் வகுப்பறைக்குத் தலைவரானதும், பாட்டும் தாளமும் வகுப்புக்குள் வந்தன. இரண்டு உலகமும் ஒரே ஆளுக்குள் கை குலுக்கின.

அதே 1977-ல் தமிழ்நாட்டிலும் இரண்டு காரியம் நடந்தது. தேசிய நாடகப் பள்ளியில் படித்த நாங்குநேரிக்காரர் எஸ். ராமானுஜம் முதலியோர் காந்திகிராமத்தில் ஒரு நாடகப் பட்டறை நடத்தினார்கள். பின்னால் வந்த நவீன நாடகக்காரர்கள் பலருக்கு முதல் வகுப்பு அதுதான். சென்னையில் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தையும் நவீனப் பயிற்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது அது. பசுபதி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கே பயின்றவர்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரையே வைத்தார்கள். அதை நடத்திய இந்திரா பார்த்தசாரதி, அதற்கு முன் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். எப்படியெல்லாம் முடிச்சு விழுகிறது பாருங்கள்.

சரி, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன?

என் மகள் நடிகையாகப் போவதில்லை. அவளுக்கே அந்த எண்ணம் இல்லை. வகுப்பில் இருக்கிற முப்பது பேரில் ஒருவரோ இருவரோ போகலாம். ஆனால் இந்த வகுப்பின் அழகே அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. மாதவிக்கு இருந்த பாடம், சண்முகத்துக்குப் பிரம்போடு வந்த பாடம், வீட்டையோ படிப்பையோ விலையாகக் கேட்காமல் ஒரு விருப்பப் பாடமாக, ஆணுக்கும் பெண்ணுக்கும் கிடைக்கிறது. நூறு வருடத்தில் நடந்த பெரிய மாற்றம் எனக்கு இதுதான். சொல்லிக் கொடுத்த விஷயங்களில் பாதி அப்படியே இருக்கிறது. யாருக்கு, என்ன விலைக்கு என்பது மாறியிருக்கிறது.

எங்களைப் போன்ற வெளிமாநிலக் குடும்பங்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. பத்தாவது வாரப் பாடம்: தெரிந்த ஒருவரைக் கவனித்து, அவர் பேசுகிற மொழியிலேயே ஐந்து நிமிஷம் அவராக இருந்து காட்ட வேண்டும். என் மகளுக்கு ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. தமிழ், கேட்டால் புரியும். பேசினால் 'வாழைப்பழம்' வழுக்கும். அவள் எடுத்துக்கொண்டது பாட்டியை. இரண்டு வாரம் தினமும் ராத்திரி திருநெல்வேலிக்குப் போன். வழக்கமாக "சாப்பிட்டியா, படிச்சியா" என்று இரண்டு நிமிஷத்தில் முடியும் பேச்சு, முக்கால் மணி நேரம் போனது. பாட்டி எங்கே 'ஏட்டி' என்கிறாள், எங்கே மூச்சு வாங்குகிறாள், தாத்தா பேச்சு வந்தால் எங்கே நிறுத்திவிடுகிறாள் என்று நோட்டில் எழுதினாள். 'நடிக்கப் போறாளாமா' என்று கேட்ட அதே அம்மா, "அந்தப் புள்ள என்னைய எப்படிச் செஞ்சா? நல்லாச் செஞ்சாளா?" என்று மறுநாள் என்னிடம் விசாரித்தாள்.

வகுப்பில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அது பரவாயில்லை. பதினெட்டு வருடமாக நாங்கள் கெஞ்சியும் மிரட்டியும் வராத ழகரம், ஒரு ஆளைக் கூர்ந்து கேட்டதில் வந்தது எங்களுக்குப் போதும்.

ஆகவே, வெளியூரில் இருக்கும் அப்பா அம்மாக்களே, உங்கள் பிள்ளை கல்லூரி ஃபாரத்தில் நாடகம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்த்தால், பயப்படாதீர்கள். முதல் மூன்று வாரம் நிற்கத்தான் சொல்லித் தருவார்கள். நம் பிள்ளைகள் நாளைக்கு எந்த ஊரில் எந்த வேலைக்குப் போனாலும், நாலு பேர் முன்னால் நேராக நிற்கவும், மூச்சு விட்டுப் பேசவும், எதிரில் இருப்பவர் சொல்வதை முழுசாகக் கேட்கவும் தெரிந்திருந்தால் கெட்டுப் போய்விட மாட்டார்கள்.